அவிழ்க்காத நாடா

பயப்படுவதற்கென்றே சில பேர் பிறக்கிறார்கள். நம் தையல்காரம்மா அந்த ரகம். கரப்பான்பூச்சிக்குப் பயம். லிஃப்டுக்குப் பயம். குக்கர் விசில் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவர் டியூட்டி முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், இந்த அம்மாள் மனசுக்குள்ளேயே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் செய்து, அரை உயிராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாள். அந்த மனிதர் சாவகாசமாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து டீ இருக்கிறதா என்று கேட்பார்.

இப்படிப்பட்ட ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மலையில் ஓடப் போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. ஆனாலும் ஓடினாள். அதற்கும் காரணம் பயம்தான்.

சைக்கிள் கடைக்கு மேலே முதல் மாடியில் ஒரே அறை, அதுதான் அவளுடைய பட்டறை. ஜன்னல் திரைதான் தைப்பாள். ரவிக்கை, சட்டை எல்லாம் கிடையாது. உடம்புக்குத் தைத்தால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், ஜன்னல் சண்டைக்கு வராது என்பது அவள் கணக்கு. பழைய கதவு ஒன்றை நாலு காலில் நிறுத்தி வெட்டுமேசை. சுவரோரம் துணிச் சுருள்கள். மெஷினைக் கதவைப் பார்த்துப் போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் அவளுக்கு ஊசியில் நூல் ஏறாது. நாளெல்லாம் மிதித்து மிதித்து இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நகரம் முடிகிற இடத்தில், கடைசி அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்த பூங்காவில் நடக்கத் தொடங்கினாள்.

அங்கே ஒரு நாய். கடிக்கிற நாய்கூட இல்லை, விளையாட வந்த குட்டி. பின்னால் ஓடி வந்தது. எடுத்தாள் பாருங்கள் ஓட்டம்! காலை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தத்தையும் முந்தி, குளத்தைச் சுற்றி, காவலாளி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இதே ஓட்டத்தை வாரம் ஒருநாள் ஓடினால் இடுப்புவலி இருந்த இடம் தெரியாது என்றார். உங்கள் கூட்டத்தோடு வந்தால் நாய் வராதா என்று இவள் உள்ளேயிருந்தே கேட்டாள். இத்தனை பேரைப் பார்த்தால் நாய்தான் பயப்படும் என்றார். அன்றைக்குச் சேர்ந்தவள்தான்.

சேர்ந்தவள் கடைசி ஆளாகவே ஓடினாள். முன்னால் ஓடினால் பின்னால் வருகிற காலடிச் சத்தம் பயமுறுத்தும். கடைசியில் ஓடினால் பின்னால் யாரும் இல்லை; முன்னால் இத்தனை பேர் மிதித்துப் போன பாதையில் பாம்பு எதற்காக உட்கார்ந்திருக்கப் போகிறது? இந்த நியாயத்தைக் கேட்டு மாஸ்டர் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்துவிட்டு அவளுக்கே அந்த வேலையைக் கொடுத்தார். கூட்டத்தில் அதற்கு 'வால்' என்று பெயர். அவள் 'வாலக்கா' ஆனாள்.

வாலுக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பூங்காவின் பின்கேட்டைத் தாண்டினால் மலை. பெரிய மலை இல்லை. ஆனால் முட்புதரும் பாறையும் ஒற்றையடிப் பாதைகளுமாகத் தெரியாதவரை அரைநாள் சுற்றவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே மாஸ்டர் போய், அடுத்த நாள் ஓட வேண்டிய வழி நெடுகக் கிளைகளில் நாடா கட்டிவிட்டு வருவார். நாடா நம் தையல்காரம்மாவின் உபயம்: திரைக்கு உள்துணியாகப் போடும் ஆரஞ்சுத் துணியின் வெட்டுத் துண்டுகள். வெயிலுக்கும் மழைக்கும் சாயம் போகாத துணி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நாடாவைப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். வால் கடைசியாக வந்து, ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். வால் வந்து சேர்ந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். பேர் சொல்லிக் கூப்பிடுவது, தலையை எண்ணுவது எதுவும் கிடையாது. வால் வந்தாயிற்று, வழி மூடியாயிற்று, கிளம்பு என்பார் மாஸ்டர்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடமும் ஒன்றுதான். நாடா கண்ணில் படாவிட்டால் மேலே போகாதே, கடைசியாகப் பார்த்த நாடாவுக்குத் திரும்பிப் போய் அங்கேயே நில், வால் வரும்.

இனி பாப்பா. பாப்பா என்றதும் தொட்டில் குழந்தை என்று நினைக்க வேண்டாம். பஸ்காரரின் தங்கை, வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டிய புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டாள். கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. மைக் கெட்டுப்போனால் அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் தூங்குகிறவர்கூட எழுந்து நிற்பார். அப்படி ஒரு தொண்டை.

அண்ணிக்கு அவள் வைத்த பெயர் தொடைநடுங்கி. காலையில் எழுந்ததும் ஒருதரம், சாப்பிடும்போது ஒருதரம், தூங்கப் போகுமுன் ஒருதரம் சொல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. அண்ணி கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் அந்தச் சத்தம் வீட்டில் கேட்கிறவரை ஒரு தைரியம். இவள் போடுகிற சத்தத்துக்கு எந்தத் திருடன் வருவான்?

பாப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நானும் மலைக்கு வருகிறேன், நீயே போகும்போது எனக்கென்ன என்றாள். முதல் நாளே மாஸ்டரின் பாடத்தைக் கேட்டுவிட்டு அண்ணியைத் திரும்பிப் பார்த்து, "நான் நின்னா நீ வருவியாம். நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற? உன்னை யாரு கூட்டிட்டு வர்றது?" என்றாள்.

கூட்டமே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். ஆனாலும், "வருவேன். எப்படியும் வருவேன்," என்று சொல்லிவைத்தாள்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மலையின் மறுபக்கத்தை முன்பு யாரோ கல்லுக்காக வெட்டி வெட்டி, பாதி மலையைத் தின்றுவிட்டு, பள்ளத்தை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடியில் பச்சைத் தண்ணீர். முன்பெல்லாம் ஓடுகிற வழி அந்தக் குவாரி விளிம்பை ஒட்டித்தான் போகும். மழைக்காலத்தில் விளிம்பில் ஒரு பகுதி சரிந்து விழுந்ததும், மாஸ்டர் வழியை உள்பக்கமாக மாற்றிவிட்டு, பழைய பாதையில் இருக்கும் நாடாக்களை எல்லாம் அவிழ்த்துவிடச் சொன்னார். எல்லாவற்றையும் அவிழ்த்தாள். விளிம்பில் ஒரு கோணல் மரம், அதில் இருந்ததை மட்டும் அவிழ்க்கவில்லை. பத்தடி போனால் எட்டிவிடலாம். போக முடியவில்லை. கால் வரமாட்டேன் என்றது. கீழே மாஸ்டர் எல்லாம் ஆயிற்றா என்று கேட்டபோது ஆயிற்று என்று தலையாட்டினாள். ஒரு நாடாதானே, அந்தப் பக்கம் இனி யார் போகப் போகிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வானம் பளிச்சென்றுதான் இருந்தது. பாதி மலை ஏறியபிறகு மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. வெயில் வந்தால் விலகிவிடும் என்று எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பாப்பா எப்போதும்போலக் கடைசிக்கு முன்னால், பாதி ஓட்டமும் பாதி நடையும் மீதி புலம்பலுமாகப் போனாள். ஒரு வளைவில் அவளுடைய சிவப்புச் சட்டை தெரியும், அடுத்த வளைவில் மறையும். அண்ணி நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். பிறகு பனி கெட்டியானது. சட்டை தெரியவில்லை. புலம்பலும் கேட்கவில்லை.

புதிய வழியும் பழைய வழியும் பிரிகிற இடத்தில் இடதுபுறம் பெரிய புதர். அதற்குள் ஏதோ அசைந்தது.

காற்று இல்லை. இலை தானாக அசையாது. சரசரவென்று ஒரு சத்தம், பிறகு நின்றது. இவளைப் பார்த்து நின்றதுபோல் நின்றது. பன்றியோ, நாயோ, அதைவிடப் பெரியதோ. சந்தேகமான இடத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும், அதுதான் வாலுக்கு விதி. குரல் எங்கேயிருந்து வரும்? கிளையில் இருந்த நாடாவைப் பறித்தாள். பிடித்தாள் ஓட்டம். வழியில் இருந்த நாடாக்களையெல்லாம் பிய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பாப்பா முன்னால்தான் இருப்பாள், அவளைப் பிடித்துவிட்டால் போதும், பாப்பா பாப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பூங்காவின் பின்கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து காலணியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வால் வந்தாயிற்று என்று மாஸ்டர் எழுந்தார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிவப்புச் சட்டை இல்லை.

பாப்பா எங்கே என்று கேட்டாள். முன்னாலேயே வந்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஒருத்தர் சொன்னார். பாதியிலேயே இறங்கி பஸ் பிடித்துவிடுவேன் என்று போகும்போது மிரட்டிக்கொண்டிருந்தாளாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். தையல்காரம்மாவின் மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது. ஓடப் போகுமுன் எல்லாரும் பையை மாஸ்டரின் வண்டியில் வைத்துவிட்டுப் போவார்கள்; அப்போது அந்த வண்டி அவள் கண்ணில் பட்டது. எல்லாரும் அவரவர் பையை எடுத்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. கண் ஆஸ்பத்திரியின் பெயர் போட்ட நீலப் பை. உள்ளே போன், வீட்டுச் சாவி, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை.

அந்த நிமிஷமே புரிந்துவிட்டது: புதரில் அசைந்தது எது, தான் எதைப் பார்த்து ஓடி வந்தோம் என்று. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி மலையில் புதருக்குப் பின்னால் எதற்கு ஒதுங்குவாள்? இதைக்கூட யோசிக்காமல் நாடாவை எல்லாம் பிய்த்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மலையில் பாப்பா. பனி. வழி சொல்ல ஒரு நாடாகூட இல்லை. கையில் இருந்த நாடாப் பை கனத்தது.

மாஸ்டர் பதறவில்லை. கையைக் குவித்து மலையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பதில் இல்லை. மேலே இருந்தால் அந்தத் தொண்டைக்கு இங்கே கேட்காமல் இருக்காது, ஆகவே மேலே இல்லை என்று முடிவு செய்தார். குளத்துப் பக்கமாகக் கீழே இறங்கியிருப்பாள், பிரிந்து தேடலாம் என்று ஆட்களைப் பிரித்தார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் தையல்காரம்மாவுக்குப் பயத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்னப் பயம்தான் கத்தும். நிஜப் பயம் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மூச்சு விட்டாலே விழுந்துவிடுவோம் என்று தோன்றும். பாப்பா கத்தவில்லை என்றால், கத்த முடியாத இடத்தில் இருக்கிறாள். நாடா இல்லாமல் அலைந்திருப்பாள். நாடாவைத் தேடியிருப்பாள். நாடா தெரிந்தால் அங்கேயே நிற்பாள், அப்படித்தானே பாடம்? அந்த மலையில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாடா.

அது எங்கே இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாருடைய கையையோ பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டரிடம் குவாரி என்றாள். அங்கே எதற்குப் போகப் போகிறாள், அந்தப் பாதையில்தான் ஒன்றுமே இல்லையே, நீதானே எல்லாவற்றையும் எடுத்தாய் என்றார் அவர்.

"கோணல் மரத்துல இருந்தத அவிழ்க்கல மாஸ்டர். பயமா இருந்துச்சு. அவிழ்த்துட்டேன்னு பொய் சொன்னேன்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது. கயிறு பெரிய சாலையில் நிறுத்தியிருக்கும் இன்னொரு வண்டியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன், இந்தப் பனியில் பழைய பாதை பிரிகிற இடம் என் கண்ணிலேயே படாது என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது. யாராவது முன்னால் போய்த் திரும்ப நாடா கட்ட வேண்டும்.

போனாள். வேறு யார் போவார்கள்? கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். அதெல்லாம் தோன்றினால்தானே.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்று சொல்வோமே, அப்படி ஏறினாள். பனிக்குள் போனதும் பூங்காவின் சத்தமெல்லாம் கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது. தன் மூச்சுச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது. கண்ணுக்கெட்டிய முதல் கிளையில் ஒரு நாடாவைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. பல்லால் இழுத்து முடிந்தாள். அடுத்த கிளை, அடுத்த நாடா. மாஸ்டரை நினைத்துத்தான் கட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்றும் தோன்றியது: இப்படிக் கட்டிக்கொண்டே போனால், ஒருவேளை தனக்குத் தனியாகத் திரும்பி வர வேண்டி வந்தால், வழி தெரியும். தனியாக என்ற சொல் மனசில் வந்தது. அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நடந்தாள்.

பெரிய புதர் வந்தது. இப்போது அதற்குள் எதுவும் அசையவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். ஈர மண்ணில் காலணித் தடம். தடம் முதலில் புதிய வழியில் கொஞ்ச தூரம் போயிருந்தது, திரும்பி வந்திருந்தது, புதரைச் சுற்றியிருந்தது, மறுபடி திரும்பியிருந்தது. நாடாவைத் தேடித் தேடிச் சுற்றியிருக்கிறாள். கடைசியில் தடம் பழைய பாதையில் இறங்கியது. தையல்காரம்மா அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். கடவுளே, என்னால் முடியாது என்றாள். வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்தாள்.

பள்ளம் கண்ணுக்குத் தெரியுமுன் குளிர் தெரிந்தது. கீழேயிருந்து ஈரமான குளிர் காற்று முகத்தில் அடித்தது. பனி அங்கே ஒரு நொடி விலகும், ஒரு நொடி மூடும். விலகியபோது ஆரஞ்சு நாடா தெரிந்தது. அன்றைக்குக் கட்டிய அதே நிறம், கொஞ்சமும் மங்கவில்லை. நல்ல துணி என்று பெருமையடித்துக்கொண்டு கொடுத்தது. அதற்குக் கீழே மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிவப்புச் சட்டை.

பாப்பா மண்ணில் குப்புறக் கிடந்தாள். மரத்துக்கும் அவளுக்கும் இந்தப் பக்கம் தரையில் ஒரு வெடிப்பு, கை நுழையும் அகலத்தில் வளைந்து போனது. ஒரு கால் வெளியே தொங்கியது. கண் திறந்திருந்தது. அண்ணியைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வராந்தாவையே எழுப்புகிற அந்தத் தொண்டையில் ஒரு முனகல்கூட இல்லை. சின்னக் கல் ஒன்று உருண்டது. அது தண்ணீரில் விழும் சத்தத்துக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டது.

பத்தடி. அன்றைக்கு வராத கால் இன்றைக்கும் வரவில்லை. மரத்துப்போய் நின்றது. கால் வராவிட்டால் போகட்டும் என்று தையல்காரம்மா குப்புறப் படுத்தாள். முழங்கையை ஊன்றி ஊன்றி, அழுதுகொண்டே, மூக்கு ஒழுக, மண்ணில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தாள். வீரம் என்று யாரும் இதைச் சொல்ல வேண்டாம். அவளுக்கு ஒவ்வொரு முழமும் செத்துச் செத்துப் பிழைத்ததுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு கையை நீட்டித் துழாவினாள். பாப்பாவின் மணிக்கட்டு கிடைத்தது. பனிக்கட்டிபோல் இருந்தது. பிடித்தாள்.

இழுக்கவில்லை. இழுத்தால் மண் போய்விடும் என்று தெரிந்தது. பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான். மாஸ்டர் நாடாவைப் பார்த்து வருவார். அதுவரை விடக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பாவின் குரல் வந்தது. அது பாப்பாவின் குரல்தானா என்று சந்தேகப்படுகிற அளவு சின்னக் குரல். "வருவேன்னு சொன்னியே அண்ணி. அதான் நாடாவ விட்டு நகரல."

இந்த நாடா இங்கே இருந்திருக்கவே கூடாது, என்னால்தான் இருக்கிறது என்று சொல்லத் தையல்காரம்மா வாயைத் திறந்தாள். சொன்னால் கை நடுங்கும், நடுங்கினால் பிடி நழுவும் என்று மூடிக்கொண்டாள். "வந்துட்டேன்ல. பேசாம இரு," என்றாள்.

மாஸ்டர் கயிற்றோடு வந்து சேர்ந்தார், இன்னும் இரண்டு பேர் கூட வந்தார்கள். கயிற்றைப் பாறையில் கட்டி, பாப்பாவின் இடுப்பில் சுற்றி இழுத்தபோது விளிம்பில் ஒரு பிடி மண் சரிந்தது. மரம் நின்றது. மேலே வந்தபிறகும் பாப்பாவின் கையைத் தையல்காரம்மா விடவில்லை. விரல்களை மாஸ்டர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. இறங்கும் வழியிலேயே அவள் எல்லாவற்றையும் பாப்பாவிடம் சொல்லிவிட்டாள்: புதரில் சத்தம் கேட்டு ஓடியதை, கோணல் மரத்து நாடாவை அவிழ்க்காமல் விட்டதை, பொய் சொன்னதை. பாப்பா கேட்டுக்கொண்டே நடந்தாள். அந்தப் புதரில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி ஓடியதைத் தானும் பார்த்ததாகவும், இருந்த நிலையில் கூப்பிட வெட்கமாக இருந்ததாகவும் மட்டும் சொன்னாள்.

அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். கதை அங்கே முடியவில்லை. பாப்பா வீட்டுக்கு வந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். ஆனால் சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மைக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டாளாம், பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். டப்பாவை அண்ணி இடம் மாற்றி வைத்தால் அப்படியே இருந்தது. தொடைநடுங்கி என்ற சொல்லை மறந்தே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் விழுந்தால் இரண்டு பேரும் ஒன்றாகத் துள்ளினார்கள். பஸ்காரர் பார்த்துப் பார்த்து, வீட்டில் ஒன்று போதாதென்று இப்போது இரண்டா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மா அதுவரை எத்தனையோவற்றுக்குப் பயந்திருக்கிறாள். இதற்குப் பயந்ததுபோல் எதற்கும் பயந்ததில்லை. மேலே இழுத்துவிட்டோம் என்று நினைத்தோமே, பாதிதான் இழுத்தோமோ, மீதிப் பாப்பா அந்த மரத்தையே கட்டிக்கொண்டு கிடக்கிறாளோ என்று நினைப்பாள். மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். கையில் அந்த மணிக்கட்டின் குளிர் அப்படியே இருந்தது. கோபித்துக்கொண்டால்கூடப் போதும், உன்னால்தான் என்று நாலு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்று ஏங்கினாள். பாப்பா திட்டவில்லை. அண்ணி தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் பாப்பா பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஒரு பெரிய திரையை மேசையில் விரித்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக்குள்ளிருந்து ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. தையல்காரம்மா அலறினாள். கத்தரிக்கோல் ஒரு பக்கம் போயிற்று, சாக்குக்கட்டி ஒரு பக்கம் போயிற்று, அவள் மேசைமேல் ஏறி, திரையை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு நின்றாள்.

பாப்பா எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரே அடி. செருப்பை மாட்டிக்கொண்டு, மேசைமேல் நின்ற துணி மூட்டையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொடைநடுங்கி," என்றாள்.

உரக்கத்தான் சொன்னாள். கீழே சைக்கிள் கடையில் பம்ப் அடிக்கிற சத்தம் நின்றது.

தையல்காரம்மா திரையைப் போர்த்தியபடியே மேசைமேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழுதாள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வந்து திரையை விலக்கிப் பார்த்து, அதைத்தான் கொன்றாயிற்றே, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று கேட்டாள்.

"ரொம்பப் பயந்துட்டேன்டி," என்றாள் அண்ணி. பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.